பிளாஸ்மாவில் ஜிடிகே செயலிகளை இசைய வைப்பது

லினக்ஸின் மேசைச் சூழல்களில் ஒன்றான கேடிஈ பிளாஸ்மா, சாளரங்களையும் பொத்தான்களையும் வரையும் க்யூட்டி நூலகத்தின் மேல் நிற்கிறது. அதில் இங்க்ஸ்கேப், ஜிம்ப், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற, ஜிடிகே என்ற வேறொரு நூலகத்தைப் பயன்படுத்தும் செயலிகளைத் திறந்தால் பொத்தான், எழுத்துரு, கோப்பு திறக்கும் சாளரம் மூன்றும் அந்நியமாகத் தெரியலாம். கை வைக்கும் முன், செயலி எந்த ஜிடிகே பதிப்பைப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். ஜிம்ப் 2.10 ஜிடிகே 2, ஜிம்ப் 3.0 ஜிடிகே 3. பதிப்புக்குப் பதிப்பு அமைப்புக் கோப்பு வேறு; ஒன்றில் செய்த மாற்றம் அடுத்ததற்குப் போகாது.

ஆர்ச் லினக்ஸில் ப்ரீஸ்-ஜிடிகே, கேடிஈ-ஜிடிகே-கான்ஃபிக் ஆகிய இரு பொதிகளையும் நிறுவுங்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் அப்ளிகேஷன் ஸ்டைல் பக்கத்துக்குப் போய், ஜிடிகே பாணிக்கான பொத்தானை அழுத்தி, பிளாஸ்மாவின் இயல்புத் தோற்றமான ப்ரீஸைத் தேர்ந்தெடுங்கள். இரு நூலகங்களுக்கும் ப்ரீஸ் இருப்பதால் அதுவே பாதுகாப்பான தேர்வு. ஜிடிகே 3-இன் செட்டிங்ஸ் கோப்பைக் கையால் திருத்த வேண்டாம். பிளாஸ்மாவே அதில் எழுதுகிறது. வேலாண்டில் (சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறை) ஜிடிகே 3 பெரும்பாலும் அந்தக் கோப்பை விட்டு, ஜிசெட்டிங்ஸ் என்ற அமைப்புச் சேமிப்பைத்தான் படிக்கும். திருத்தியும் எடுபடவில்லை என்றால் காரணம் இதுதான்.

ஜிம்ப் மட்டும் அடங்காவிட்டால், அதன் பிரிஃபரன்சஸில் தீம் பகுதியைத் திறந்து சிஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது சொந்தத் தீமோடு வரும் செயலி.

லிப்அட்வைட்டா (க்னோம் மேசைச் சூழலின் தோற்றத்தைத் தரும் நூலகம்) செயலிகளோடு மல்லுக்கட்டாதீர்கள். அவை ஜிடிகே தீம் பெயரை வேண்டுமென்றே பொருட்படுத்துவதில்லை. வெளிச்சமா இருட்டா என்பது போன்ற சில விருப்பங்களை மட்டும் போர்ட்டல் (செயலிக்கும் மேசைச் சூழலுக்கும் இடையிலான பாலம்) வழியே கேட்டுக்கொள்ளும். ஜிடிகே 4-இன் தோற்ற விதிகள் உள்ள சிஎஸ்எஸ் கோப்பில் நிறங்களைத் திணிக்கலாம்தான். ஆனால் அடுத்த பதிப்பு வரும்போது எழுத்தும் பின்னணியும் ஒரே நிறமாகிப் படிக்கவே முடியாமல் போகக்கூடும்.

உண்மையில் தினமும் உறுத்துவது நிறமல்ல, கோப்பு திறக்கும் சாளரம்: கேடிஈயின் கோப்பு மேலாளரான டால்ஃபினில் சேர்த்து வைத்த இடங்கள் அதில் இருக்காது. எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல், அதன் கேடிஈ துணைப்பொதி இரண்டும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பிறகு ஃபயர்ஃபாக்ஸின் அபவுட்-கான்ஃபிக் பக்கத்தில் போர்ட்டல் என்று தேடி, ஃபைல்-பிக்கர் என முடியும் வரியின் மதிப்பை 1 ஆக்கி, உலாவியை மூடித் திறங்கள். கேடிஈ சாளரமே வரும்.

ஃபிளாட்பேக் (தனி அடைப்புக்குள் இயங்கும் பொதி முறை) செயலிகளுக்கு உங்கள் கணினியின் தீம் கோப்புறை தெரியாது. ஜிடிகே 3 செயலிகளுக்கான ப்ரீஸ் தீமை ஃபிளாட்ஹப் என்ற அவற்றின் களஞ்சியத்திலிருந்து தனியாக நிறுவினால்தான் அவை மாறும்.