பழைய அம்பாசடரில் பிரேக் சரியில்லையா? முதலில் பெடலை மிதித்துப் பாருங்கள்

பழைய அம்பாசடரில் பிரேக் சரியில்லை என்றதும் பலர் நேராக மாஸ்டர் சிலிண்டரைத்தான் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) மாற்றுகிறார்கள். அவசரப்படாதீர்கள். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து ஷூக்கள் அழுத்தி நிறுத்தும்), எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆயில் லைன் என்று இருக்கிற வண்டி இது, நிறுத்தி வைத்து ஐந்து நிமிடம் பெடலை மிதித்தாலே கோளாறு எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ரோட்டில் ஓட்டிச் சோதிக்க வேண்டாம். ஒரு இடத்தில் ஆயில் போனாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும், மிச்சம் ஹேண்ட் பிரேக்தான்.

முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போய், இரண்டு மூன்று தடவை அடித்ததும் மேலே வந்து கெட்டியாக நின்றால் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறது, அதாவது ஷூ டிரம்மிலிருந்து விலகி நிற்கிறது. என் வண்டியில் இதற்காக மூன்று முறை ஏர் எடுத்தும் (லைனில் புகுந்த காற்றை வெளியேற்றியும்) பெடல் ஏறவில்லை. முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டு, ஷூவை டிரம்முக்கு நெருக்கும் அட்ஜஸ்டர் இரண்டு உண்டு, அதில் ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டிருக்கிறேன்.

ஸ்பான்ஜ் மாதிரி அமுங்கினால் உள்ளே ஏர். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் அதுதான் கசிவு. ஆயில் பட்ட ஷூவைத் துடைத்துப் போடாதீர்கள், மாற்றுங்கள், வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் பல நேரம் அதுவே காரணம். டிரம் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் (ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பலர் ஏமாறுவது பிரேக் பிடித்துக்கொண்டு விடாத கேஸில்தான். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளைக் (ஏர் எடுக்கத் திறக்கும் சிறு திருகு) கால் சுற்று திறங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால், பிரஷர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முன்னால் ஒரே சக்கரம் என்றால் அதன் ஹோஸ் (ஆயில் போகும் ரப்பர் குழாய்), வெளியே புதுசு மாதிரி இருந்தாலும் உள்ளே ரப்பர் உப்பி அடைத்திருக்கும். பின்னால் இரண்டும் சேர்ந்து பிடித்தால் ஆக்ஸிலுக்குப் போகும் ஹோஸ். நாலும் பிடித்தால் பெடல் ராடில் ப்ளே (சிறு தளர்வு) இருக்கிறதா பாருங்கள், துளியும் இல்லையென்றால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே கிடக்கும். நிப்பிளைத் திறந்தும் விடவில்லையா? வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது ஷூ டைட்டாக இருக்கும்.

ஏர் எடுப்பதை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பியுங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம், பழைய சிலிண்டரில் கப் இதுவரை போகாத துருப்பகுதியில் போய்க் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் நிப்பிளை மூடிய பிறகே பெடலை விடவேண்டும், டப்பாவில் ஆயில் குறையவும் விடக்கூடாது.

ஆயில் புதிதாக உடைத்த டின்னாக இருக்கட்டும். டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும், ஈரத்தை உறிஞ்சிவிட்டால் 140 டிகிரி வரை இறங்கிவிடும். பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். பெயின்ட்டில் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடியுங்கள். இறங்காமல் நின்றால், அப்புறம் ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.