ஜூரிப் படி: நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர் வீடுகளுக்கும் ஒருநாள் அந்தத் தபால் வந்து சேரும்: இன்ன தேதியில் ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழுவில் ஒருவராக, நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்ற அழைப்பாணை. பிரித்த கையோடு விடுபட வழி தேடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கலிபோர்னியா மாநில நீதிமன்றங்களில் பொதுவாக முதல் நாளுக்கு ஜூரிப் படி, அதாவது அந்தப் பணிக்குத் தரும் தொகை, கிடையவே கிடையாது. இரண்டாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 15 டாலர். அந்த மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி 2024-இல் மணிக்கு 16 டாலர். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு மணி நேரக் கூலி தேறாது.

“நாட்டுக்குச் செய்யும் கடமைக்குக் காசு கேட்பதா?” என்பது பலரும் செய்யும் தவறு. நீதிமன்றக் கூடத்தைச் சுற்றிப் பாருங்கள். நீதிபதிக்கு, அரசு வழக்கறிஞருக்கு, சுருக்கெழுத்தாளருக்கு, வாசலில் நிற்கும் காவலருக்கு அன்றைய சம்பளம் உண்டு. ஒரு மனிதர் சிறைக்குப் போவாரா வீட்டுக்குப் போவாரா என்று தீர்மானிக்கும் பன்னிரண்டு பேரிடம் மட்டும் தியாகத்தை எதிர்பார்க்கிறோம்.

இதைவிடப் பெரிய தவறு, கருணை போலத் தோன்றுவது: “முடியாதவர்களை விட்டுவிடுகிறார்களே, பிறகென்ன?” 1940-களில் சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஜூரிப் பட்டியல் தயாரித்தவர்கள் இப்படித்தான் நினைத்தார்கள். ஓடும் ரயிலின் ஜன்னல் வழியே குதித்த ஒரு பயணி, சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் மீது நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்திருந்தார். தினக்கூலிக்காரர்கள் அந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. பட்டியல் அதிகாரி சொன்ன காரணம் எளிமையானது: ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டால், நாளுக்கு 10 டாலர் சம்பாதிக்கிறேன், 4 டாலருக்கு எப்படி வருவேன் என்று கேட்கிறார், எப்படியும் விடுவிக்கத்தானே போகிறார்கள் என்று பெயரையே சேர்க்கவில்லை. அப்படித் தேர்ந்தெடுத்த ஜூரி அந்த வழக்கில் தந்த தீர்ப்பை 1946-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உண்மையில் சிரமப்படும் ஒருவரை நீதிபதி விடுவிக்கலாம், உழைக்கும் வர்க்கத்தையே ஒதுக்கிவைக்கக் கூடாது என்றது.

அந்த மெக்கானிக்கின் கேள்வி மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. இன்று யாரும் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவதில்லை. 15 டாலரே நீக்கிவிடுகிறது. இதே சான் பிரான்சிஸ்கோ 2022-இல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கி, வருமானம் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 100 டாலர் கொடுத்தது. அந்தப் பணம் இல்லாவிட்டால் வந்திருக்கவே முடியாது என்று பங்கேற்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சொன்னார்கள். மனமில்லாமல் ஒதுங்கியவர்கள் அல்லர் அவர்கள்.

ஜூரிப் பணிக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால் சம்பளமும் வந்துவிடும் என நம்புவது இன்னொரு தவறு. கூட்டாட்சிச் சட்டம் வேலையைத்தான் காக்கிறது, கூலியை அல்ல. மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களில் முதல் மூன்று நாள் சம்பளத்தை முதலாளி தர வேண்டும். நான்காம் நாளிலிருந்து அரசு 50 டாலர் தருகிறது. எனக்குத் தெரிந்து இது நியாயத்துக்கு நெருக்கமான ஏற்பாடு. ஆனால் கடை வைத்திருப்பவருக்கோ வாடகைக் கார் ஓட்டுபவருக்கோ சம்பளம் தர முதலாளி ஏது?

படியை ஒருமுறை உயர்த்திவிட்டு மறந்துபோவதும் தவறுதான். டெக்சாஸில் முதல் நாளுக்கு வெறும் 6 டாலராக இருந்தது 2023-இல்தான் 20 ஆனது. நியூயார்க் 2025-இல் 40 டாலரை 72 ஆக்கியது. விலைவாசியோடு சேர்ந்து தானாக உயரும்படி சட்டத்திலேயே எழுதிவிட்டால், ஒவ்வொரு முறையும் சட்டமன்றத்தின் மனம் இரங்கக் காத்திருக்க வேண்டாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் ஆகும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தபால் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பணப் பயத்தில் அதைக் கிழித்துப் போடாதீர்கள், அபராதம் வரும். பெரும்பாலான நீதிமன்றங்களில் தேதியைத் தள்ளிப்போடக் கேட்கலாம். அதற்குள் ஜூரி விடுப்புக்குச் சம்பளம் உண்டா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சம்பளம் தரும் அலுவலகம் படியைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொன்னால், அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ரசீதை எடுத்து வையுங்கள்.