பணிப்பாளருக்குப் பொன்னாடை போர்த்துவதற்கு முன்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பது இங்கே பெரிய காரியமன்று. முகவரிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், குடிவரவுப் பத்திரம், தடுப்பூசி விவரம் ஆகியவற்றுடன் உங்கள் வீட்டு முகவரிக்குரிய பாடசாலைக்குச் சென்றால் போதும். உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளையை மட்டும் முதலில் ஆங்கிலம், கணித மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். நன்கொடை கேட்கமாட்டார்கள், பழைய மாணவர் சங்கத்தின் சிபாரிசும் தேவையில்லை. இடறுவது அதற்குப் பிறகுதான்.

வலயக் கல்விப் பணிப்பாளரை நேரில் கண்டு பேசினால் காரியம் நடக்கும் என்று ஊரில் பழகியவர்கள் நாம். இங்கும், ஒரு பகுதியின் பாடசாலைகளை நடத்தும் கல்விச் சபைக்கு ஒரு பணிப்பாளர் உண்டு. ஆனால் ரொறன்ரோ சபையின் கீழ் மட்டும் ஏறத்தாழ 580 பாடசாலைகள் இருக்கையில், தனியொரு பிள்ளையின் கோப்பு அவருடைய மேசைக்கு வருவதில்லை.

2021 ஆகஸ்டில் கொலீன் ரசல்-ரோலின்ஸ் அந்தச் சபையின் பணிப்பாளராகப் பொறுப்பேற்று, அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்ணானபோது நம்மவர்களும் மகிழ்ந்தார்கள். அது நியாயமான மகிழ்ச்சிதான். நிறத்தையும் பெயரையும் வைத்துப் பிள்ளையின் திறமையை அளப்பதை நாமும் கண்டவர்கள். ஆனால் இப்படித் தடையுடைத்து ஒருவர் வரும்போதெல்லாம் மண்டபம் பிடித்து விழா எடுப்பதற்கென்றே நம்மிடையே சிலர் இருக்கிறார்கள்.

வேறொரு சபையின் எல்லைக்குள் வசிக்கும் என் நண்பர், கிளிநொச்சியிலிருந்து வந்த சில மாதங்களில், அப்படியொருவரிடம் அகப்பட்டார். ஒன்பதாம் வகுப்பில் படித்த மகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் பல்கலைக்கழக வழிக்குரிய ‘அகடமிக்’ பிரிவை விடுத்து, நடைமுறை சார்ந்த ‘அப்ளைட்’ பிரிவைப் பரிந்துரைத்திருந்தார்கள். ஒன்ராறியோவில் 2022 முதல் ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பிரிவினை இல்லை, பத்தில் இருக்கிறது. வழிகாட்டல் ஆலோசகரிடம் அன்றே பேசியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விடயம். ஆனால் விழாக்காரரோ, “ஒரு மேசையை எடுங்கோ அண்ணை, புதுப் பணிப்பாளரிட்ட நேரிலயே சொல்லலாம்” என்று சொல்லியிருந்தார். நண்பர் மேசைக்கும் பணம் கட்டி, பொன்னாடையும் வாங்கினார். பணிப்பாளர் வந்தார், சுருக்கமாகப் பேசினார், வரிசையில் நின்றவர்களுடன் படம் எடுத்தார். நண்பர் கோட்டுப் பையிலிருந்து நீட்டிய கடிதத்தை உடன் வந்த உதவியாளர் புன்னகையோடு வாங்கிக்கொண்டார். ‘பாடசாலை அதிபருடன் பேசவும்’ என்று பல வாரங்கள் கழித்துப் பதில் வந்தபோது பாடத் தெரிவு முடிந்துவிட்டிருந்தது. பிள்ளை கோடை விடுமுறையை வகுப்பில் கழித்தாள். விழாக்காரர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்தப் படம் மட்டும் அவருடைய தேர்தல் துண்டுப் பிரசுரத்தில் அச்சாகியிருந்தது.

ஆகவே முறையை மாற்றாதீர்கள்: முதலில் ஆசிரியர் அல்லது வழிகாட்டல் ஆலோசகர், பிறகு அதிபர், அதற்கும் மேலே உங்கள் பகுதிப் பாடசாலைகளுக்குப் பொறுப்பான கண்காணிப்பாளர். ஒவ்வொரு படியிலும் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். பாடத் தெரிவு பெரும்பாலும் பெப்ரவரியை ஒட்டி வரும்.

புதிய தலைவருக்கு ஆதரவு காட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரொறன்ரோவுக்கு மேற்கே உள்ள பீல் பகுதியில் கறுப்பினப் பெற்றோர், கல்விச் சபையின் கூட்டங்களுக்கு விடாமல் சென்று, பிள்ளைகள் நடத்தப்பட்ட விதத்தைப் பதிவில் ஏற்றினார்கள்; மாகாண அரசு மீளாய்வுக்கு உத்தரவிட்டு, 2020இல் சபையைத் தன் பொறுப்பில் எடுத்தது. அப்போது அங்கே இடைக்காலப் பணிப்பாளராக அனுப்பப்பட்டவரும் இதே ரசல்-ரோலின்ஸ்தான். நாமோ ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் விழாக்களில் மண்டபத்தை நிரப்புகிறோம். சபையின் வரவுசெலவுக் கூட்டத்தன்று நம் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. எனக்கு இது நீண்டகால எரிச்சல்.

ரொறன்ரோ சபையையும் 2025 ஜூனில் மாகாண அரசு மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்து, வாக்களித்துத் தெரிவான சபை உறுப்பினர்களின் (‘ட்ரஸ்டி’கள்) முடிவெடுக்கும் அதிகாரத்தை நிறுத்தியதால், சபை உறுப்பினரைப் பிடித்தால் போதும் என்ற பழைய ஆலோசனையையும் அப்படியே நம்பவேண்டாம். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பாடசாலையிலும் ஆலோசனை சொல்வதற்கென உள்ள பாடசாலை மன்றத்தைக் கவனியுங்கள். அதில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கவேண்டும் என்பது மாகாண விதி. கல்வியாண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் அதற்குத் தேர்தல் நடக்கும். செப்டம்பரில் பிள்ளையின் பையில் வரும் அறிவித்தல்களைத் தவறாமல் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே அலுவலகத்தில் கேட்டுவையுங்கள்.