நின்று நின்று ஓடிய ஏசிஎஸ்-1 விமானக் கடிகாரம்: சரிசெய்த விதம்

மிக்-21 போர் விமானத்தின் காக்பிட்டில் (விமானி அறையில்) இருந்த ரஷ்யக் கடிகாரம் இது. நாளாக ஆகப் பழைய எண்ணெய் பசையாகிவிடும். சாவி முழுசா கொடுத்தும் நின்றது அதனால்தான்.

கழற்றும் முன் ஒன்று பாருங்கள். வலது குமிழை வலப்பக்கம் திருப்பினாலே கடிகாரம் நிற்கும். நேரத்தை நொடி பிசகாமல் வைப்பதற்கான ஏற்பாடு அது. இடப்பக்கம் திருப்பினால் ஓடும். ‘ரிப்பேர்’ என்று வருவதில் சில இவ்வளவுதான். சாவி கொடுப்பது இடது சிவப்புக் குமிழில், இடஞ்சுழியாக.

அப்படியும் ஓடவில்லை என்றால்தான் திறக்க வேண்டும். முதலில் மெயின் ஸ்பிரிங்கின் (சாவி கொடுத்தால் இறுகும் சுருளின்) இறுக்கத்தை மெதுவாக விடுங்கள். விடாமல் பேலட் ஃபோர்க்கை (சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் கவையை) எடுத்தால் சக்கரங்கள் தறிகெட்டுச் சுழன்று பிவட் (சக்கர அச்சின் மெல்லிய நுனி) ஒடியும். பாகங்களை வெள்ளைப் பெட்ரோலில் கழுவி, பிவட் குழிகளைக் கூர்மையான மரக்குச்சியால் துடையுங்கள். பிவட்டுக்கு ஊசிமுனையளவு வாட்ச் எண்ணெய் போதும். பேலட் ஃபோர்க் பிவட்டுக்கும் ஹேர்ஸ்பிரிங்குக்கும் (ஊசலாடும் சக்கரத்தின் மெல்லிய சுருள்கம்பிக்கும்) எண்ணெய் கூடவே கூடாது. தையல் மெஷின் எண்ணெய் பரவி ஓடிவிடும், தொடாதீர்கள்.

டயலைச் சுரண்டாதீர்கள். பழைய ராணுவக் கடிகாரங்களின் ஒளிப்பூச்சில் ரேடியம் இருக்கலாம். வெளிச்சம் செத்தாலும் கதிர்வீச்சு சாகாது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு. தூள் மூக்கில் ஏறக்கூடாது.

பின்பக்க வயர்கள் 27 வோல்ட் ஹீட்டருக்கு. உயரத்துக் குளிரில் எண்ணெய் உறையாமலிருக்க வைத்தது. நாகர்கோவிலில் அதற்கு வேலையில்லை, இணைக்க வேண்டாம்.

மூடியதும் 24 மணி நேரம் ஓடவிட்டு, ரெகுலேட்டரை (ஓட்ட வேகத்தைத் திருத்தும் சிறு நெம்புகோலை) மயிரிழை அளவு நகர்த்தித் திருத்துங்கள்.