கூகுள் ஷீட்ஸில் நாணயக் குறியை மாற்றுவது எப்படி? குறி மாறியும் கணக்கு ஏன் உதைக்கிறது?

வெளியிலிருந்து வந்த ஒரு பணப் பட்டியலை என் ஷீட்டில் ஒட்டினேன். பட்டியல் முழுக்க யூரோ, என் கோப்பு டாலரில் இருந்தது. குறியை மாற்றினால் போதும், அரை நிமிட வேலை என்று உட்கார்ந்தவன் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எழுந்தேன். குறி உடனே மாறிவிட்டது. ஆனால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ இருக்க வேண்டிய செல்லில் €1.25 என்று இருந்தது. சில வரிசைகள் கூட்டுத்தொகையில் சேரவே இல்லை. அந்தக் குழப்பம் எப்படித் தீர்ந்தது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

படி 1: குறியை மாற்றுவது

தொகைகள் உள்ள நெடுவரிசையைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஃபார்மேட், அதில் நம்பர், அதில் கஸ்டம் கரன்சி. வரும் பெட்டியில் வேண்டிய நாணயத்தைத் தேடி எடுங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் நீங்களே தட்டச்சு செய்யலாம், "ரூ." என்று தமிழிலேயே போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். வலப்பக்கம் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், பலர் அதைக் கவனிப்பதில்லை. குறி எண்ணுக்கு முன்னால் வர வேண்டுமா பின்னால் வர வேண்டுமா, புள்ளிக்குப் பின் இலக்கங்கள் வேண்டுமா என்பதெல்லாம் அங்கேதான். ஜப்பானிய யென்னுக்குப் பைசாக் கணக்கு கிடையாது, இலக்கங்களை எடுத்துவிடுங்கள். குவைத் தினாருக்கு மூன்று இலக்கம் வேண்டும். முடிந்ததும் அப்ளை.

கருவிப்பட்டையில் நாணயக் குறியோடு ஒரு பொத்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். அது கோப்பின் சொந்த நாணயத்தை மட்டும்தான் போடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், 4 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதே வேலைதான். ஒரே நாணயத்தில் கணக்கு எழுதுபவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

அதே மெனுவில் அக்கவுண்டிங் என்று ஒன்று இருக்கும். குறி இடது ஓரத்தில் வரிசையாக நிற்கும், கழித்தல் தொகை அடைப்புக்குறிக்குள் வரும். நீளமான பட்டியலுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும், கண் ஓட்டிப் பார்க்க வசதி.

படி 2: கோப்பின் நாட்டை மாற்றுவது

ஒவ்வொரு முறையும் குறி மாற்றுவது அலுப்பாக இருந்தால் ஃபைல், செட்டிங்ஸ் போய் லொகேல் என்ற இடத்தில் நாட்டை மாற்றி, சேமித்துவிடுங்கள். பொத்தான் போடும் நாணயம், தேதி எழுதும் முறை, புள்ளியும் காற்புள்ளியும் நிற்கும் இடம் எல்லாம் சேர்ந்தே மாறும். படி 1-இல் நீங்களே குறித்த செல்களின் குறி அப்படியே இருக்கும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: இது உங்கள் திரைக்கு மட்டுமான அமைப்பு இல்லை. கோப்பைப் பகிர்ந்திருந்தால் எல்லோருக்கும் மாறும். சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

படி 3: நான் வழுக்கி விழுந்த இடம்

ஜெர்மனி போன்ற நாடுகளில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, சில்லறையைப் பிரிக்கக் காற்புள்ளி. அமெரிக்க முறையில் அப்படியே தலைகீழ். நான் ஒட்டிய பட்டியலில் 1.250 என்றும் 1.250,00 என்றும் இரண்டு விதமாக இருந்தது. என் கோப்பின் லொகேல் அமெரிக்கா. எனவே 1.250 என்பதை ஒன்றேகால் என்று எடுத்துக்கொண்டது. 1.250,00 என்பதை எண்ணாகவே மதிக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. எழுத்துக்கு எந்த நாணயக் குறியைப் போட்டாலும் ஒட்டாது. கூட்டும்போதும் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் கொடுமை.

எது எண், எது எழுத்து என்று கண்டுபிடிக்க, செல்களைத் தேர்ந்தெடுத்துத் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். கூட்டுத்தொகை தெரிந்தால் அதில் எண்கள் இருக்கின்றன. எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் அத்தனையும் எழுத்து. இடது ஓரம் ஒட்டி நின்றால் எழுத்து என்பார்கள். யாராவது சீரமைப்பை மாற்றியிருந்தால் அது ஏமாற்றும். ஒவ்வொரு செல்லாகப் பார்க்க இஸ்நம்பர் ஃபார்முலா இருக்கிறது. ஃபால்ஸ் என்று வந்தால் எழுத்து.

சரி, சரிசெய்வது எப்படி? நான் முதலில் ஒவ்வொரு புள்ளியாக அழித்துக்கொண்டிருந்தேன். தேவையே இல்லை. ஒட்டியதை நீக்கிவிட்டு, லொகேலை ஜெர்மனிக்கு மாற்றி, மறுபடி ஒட்டி, பிறகு பழைய லொகேலுக்குத் திரும்புங்கள். உள்ளே போகும்போது எண்ணாகப் போய்விட்டால், அதன்பின் எந்த நாட்டுக்கு மாற்றினாலும் மதிப்பு கெடாது. ஏற்கெனவே தப்பாக ஒட்டியதை வைத்துக்கொண்டு லொகேலை மட்டும் மாற்றினால் வேலைக்காகாது. எழுத்து எழுத்தாகவே இருக்கும், ஒன்றேகால் ஒன்றேகாலாகவே இருக்கும்.

தொகைக்கு முன்னால் நாணயத்தின் மூன்றெழுத்துக் குறியீடும் சேர்ந்து வந்திருந்தால், ஃபார்மேட், நம்பர் வழியாக ஆட்டோமேட்டிக் என்று வைத்துவிட்டு, கண்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தி அந்த எழுத்துகளைத் தேடி, மாற்ற வேண்டிய இடத்தை வெறுமையாக விடுங்கள். ஆட்டோமேட்டிக் முதலில். பிளெயின் டெக்ஸ்ட் என்று இருக்கும் செல்லில் எதை அழித்தாலும் மிச்சம் எழுத்தாகவே நிற்கும்.

குறி மாறினால் மதிப்பு மாறாது

100 டாலரை யூரோ குறிக்கு மாற்றினால் 100 யூரோ என்று காட்டும், அவ்வளவுதான். மாற்று விகிதம் வேண்டுமானால் கூகுள்ஃபைனான்ஸ் ஃபார்முலாவைக் கொண்டு பெருக்க வேண்டும். அது தரும் விகிதம் 20 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம். விகிதமும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பணம் கைமாறிய நாளின் விகிதத்தை ஒரு செல்லில் எண்ணாகவே எழுதி வைப்பது என் வழக்கம். இல்லையென்றால் போன மாதக் கணக்கு இன்று வேறு தொகை காட்டும்.

இன்னொன்று: 10-ஐ மூன்றால் வகுத்து மூன்று செல்லில் வையுங்கள். ஒவ்வொன்றும் 3.33 என்று தெரியும், கூட்டினால் 10.00 வரும். கையால் கூட்டுபவர் 9.99 என்று சண்டைக்கு வருவார். ஷீட் மறைத்துக் காட்டுகிறதே தவிர, உள்ளே முழு எண் இருக்கிறது. தெரிவதே கணக்காக வேண்டுமென்றால் ரவுண்ட் ஃபார்முலா போடுங்கள்.

பிற்சேர்க்கை 1: எழுத்துகளை அழித்த பிறகும் எண்ணாக மாறவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். இணையப் பக்கங்களிலிருந்து எடுக்கும்போது குறிக்கும் எண்ணுக்கும் நடுவே ஒரு வகை இடைவெளி வரும். பார்க்கச் சாதாரண இடைவெளி போலவே இருக்கும், ஆனால் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தேடினால் சிக்காது. டிரிம் ஃபார்முலாவும் அதை விட்டுவிடும். செல்லுக்குள் நுழைந்து அந்த இடைவெளியையே நகலெடுத்து, தேடும் பெட்டியில் ஒட்டுங்கள்.

பிற்சேர்க்கை 2: லட்சம், கோடி முறையில் காற்புள்ளி வேண்டும் என்று கேட்டவர்களுக்கு. ஃபார்மேட், நம்பர், கஸ்டம் நம்பர் ஃபார்மேட் போய் இதை ஒட்டுங்கள்:

[>=10000000]"₹"##\,##\,##\,##0.00;[>=100000]"₹"##\,##\,##0.00;"₹"##,##0.00

மேற்கோள் குறிகள் நேராக இருக்க வேண்டும், வளைந்தவை வந்துவிட்டால் ஏற்காது. 2500000 என்பது ₹25,00,000.00 ஆகிவிடும். கழித்தல் தொகைக்கு மட்டும் இது உதவாது. அது இரண்டு நிபந்தனைகளிலும் சிக்காமல் மூன்றாவது பகுதிக்குப் போய், பழையபடி ஆயிரம் ஆயிரமாகத்தான் பிரியும். அதற்காக நான் செலவைக் கழித்தல் குறி இல்லாமல் தனி நெடுவரிசையில் எழுதுகிறேன்.