பத்தடி கல்சுவருக்கு எவ்வளவு அகலம்? கை சொல்வதும் கணக்கு சொல்வதும்

ஏற்காட்டில் வீடு கட்டப் போகிறவர் யாராக இருந்தாலும் கடைசியில் ஒரு தடுப்புச் சுவர் முன்னால்தான் வந்து நிற்பார். சமதளம் அங்கே அபூர்வம். ஒரு பக்கம் வெட்டி இன்னொரு பக்கம் கொட்டித்தான் இடம் செய்ய வேண்டும், வெட்டின பக்கம் மண் சரியாமல் பிடிக்க ஒரு கருங்கல் சுவர் வேண்டும். மேஸ்திரி ஒரு பார்வை பார்த்துவிட்டு "அடியில அஞ்சடி அகலம் போதும்ங்க" என்பார். சிவில் படித்துவிட்டு வந்த பையன் லேப்டாப்பைத் திறப்பான். வீட்டுக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

நான் அந்த லேப்டாப் பையனாக இருந்தவன். பல வருடம் முன்னால் மலை மேல் ஒரு வீட்டுக்குப் பின்னால் எட்டடிச் சுவர் ஒன்றுக்குக் கணக்குப் போட்டேன், பக்கம் பக்கமாக, எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த ஐப்பசி மழையில் சுவர் அடியோடு இரண்டு அங்குலம் முன்னால் நகர்ந்துவிட்டது. விழவில்லை, விரிசல்கூடப் பெரிதாக இல்லை. பக்கத்து வேலைக்கு வந்திருந்த வயசான மேஸ்திரி ஒருவர் சுவரைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "தண்ணி எங்க போவும்னு பாத்தீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். படத்தில் தண்ணீர் ஓட்டைகள் வரைந்திருந்தேன். கட்டும்போது பாதி ஓட்டையைக் கலவை அடைத்துவிட்டது, மீதிக்குப் பின்னால் களிமண்ணைக் கொட்டி மூடியிருந்தார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை.

அதிலிருந்து ஒரு வரிசையை வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். சுவரை வைத்தே சொல்கிறேன், உங்கள் வேலை டேங்க் ஸ்டாண்டாக இருந்தாலும் ஷெட்டாக இருந்தாலும் வரிசை இதுதான்.

கணக்கைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் ஊகத்தை எழுதுங்கள். மனசில் வைத்துக்கொண்டால் போதாது, பேனாவால், தேதி போட்டு. பத்தடிச் சுவர், மேலே இரண்டடி, கீழே ஐந்தடி, பயம் கவிழ்ந்துவிடுமோ என்பதுதான், இப்படி. விடை வந்த பிறகு "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று தோன்றும், அது பெரும்பாலும் பொய். எழுதி வைத்தால்தான் எங்கே தப்பினோம் என்று தெரியும்.

அப்புறம் இடத்தைப் போய்ப் பாருங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள். மண் எந்த இடத்தில் ஈரமாக இருக்கிறது, எங்கே ஊற்றுக்கண் கசிகிறது, அது வெட்டின மண்ணா, கொட்டின மண்ணா, மேலே மரம் ஏதாவது சாய்ந்து நிற்கிறதா? மேலே ஏறும் வழியில் இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அங்கே வண்டியை ஓரம் கட்டி, சாலைச் சுவர்களில் தண்ணீர் எந்தக் கல் இடுக்கில் வெளியே வருகிறது என்று கொஞ்ச நேரம் பாருங்கள். எந்தப் பாடப்புத்தகத்தையும்விட எனக்கு அது அதிகம் சொல்லிக் கொடுத்தது. சரி, போலீஸ்காரர் வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்டால் நான் பொறுப்பில்லை.

இப்போது கணக்கு. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, சிமெண்ட் மூட்டையின் பின்பக்கம் போதும். எளிமைக்காக மீட்டரிலும் டன்னிலும் போடுகிறேன். சுவர் உயரம் 3 மீட்டர். மண் கன மீட்டருக்கு 1.8 டன், கருங்கல் கட்டு 2.4 டன். காய்ந்த மண்ணின் உள் உராய்வுக் கோணம், அதாவது மண் துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு பிடித்துக்கொள்கின்றன என்று சொல்லும் எண், 30 டிகிரி என்று வைத்தால் அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பக்கவாட்டில் தள்ளும். சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் வரும் தள்ளு, பாதி × மூன்றில் ஒன்று × 1.8 × உயரத்தின் வர்க்கம், அதாவது 2.7 டன். அது அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது.

மேஸ்திரி சொன்ன சுவரை எடுத்துக்கொள்வோம். மேலே 0.6 மீட்டர், கீழே 1.5, மண் பக்கம் தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேராக, வெளிப்பக்கம் சாய்மானம். எடை மீட்டருக்கு 7.56 டன். அடியில் உராய்வு பாதி என்று வைத்தால் 3.78 டன் பிடிக்கும். 2.7-ஐ எதிர்த்து 3.78 என்றால் 1.4 மடங்கு, பாதுகாப்புக்கு நாம் கேட்பது 1.5. பாருங்கள், படிக்காத மனிதர் என்று நாம் நினைக்கும் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னது கிட்டத்தட்ட வந்துவிட்டது! அடியை 1.7 மீட்டர் ஆக்கினால் எடை 8.28 டன், பிடி 4.14, மடங்கு 1.53. அரையடிக்கும் கொஞ்சம் அதிகமாக அகலப்படுத்தினால் முடிந்தது.

பத்தடிக்கு ஐந்தடி, அதாவது "உயரத்தில் பாதி" என்ற கைவிதி ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை. எத்தனையோ சுவர் நின்று, எத்தனையோ விழுந்து, மிஞ்சின கணக்கு அது. கம்பி எடைக்கு நாம் எல்லோரும் சொல்லும் டி ஸ்கொயர் பை 162 (விட்டத்தை எம்எம்மில் வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுப்பது) மாதிரிதான், 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ என்று மேஸ்திரி சொல்லும்போது அவர் எஃகின் அடர்த்தியை நினைப்பதில்லை, ஆனால் அடர்த்தி அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. கைவிதி என்றாலே யாரோ ஒருவர் எப்போதோ போட்ட கணக்கு, அல்லது பட்ட அடி. அதனால் அதைக் கேலி செய்ய வேண்டாம். ஆனால் அது எந்த நிலைமைக்குப் பிறந்தது என்று கேளுங்கள். மேலே சமமான மண், பின்னால் வடிகால், ஓரத்தில் பாரம் எதுவும் இல்லை என்றால்தான் அந்தப் பாதி. ஓரத்தில் சதுர மீட்டருக்கு ஒரு டன் பாரம் வந்து நின்றால் தள்ளு இன்னொரு டன் கூடும், மேஸ்திரியின் விதிக்கு அது தெரியாது.

மண் சுவரைத் தள்ளும் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர்களில் ஒருவர் கூலும் (Coulomb), மின்சாரப் பாடத்தில் வருவாரே அவரேதான். பிரெஞ்சு ராணுவப் பொறியாளராக மார்த்தினீக் தீவில் பல வருடம் கோட்டை கட்டிவிட்டு வந்து, 1773-இல் பாரிஸ் அகாதமியில் அந்தக் கட்டுரையை வாசித்தார். மேலே நான் போட்ட மூன்றில் ஒரு பங்கு, ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் 1857-இல் கொடுத்த எளிய வடிவம். முதலாமவர் கையில் மண் ஒட்டின பிறகுதான் கணக்குக்குப் போனார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இனி, பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் வேலை. நீங்கள் நம்பி எடுத்த ஒவ்வொரு எண்ணையும் ஆட்டிப் பாருங்கள். அந்த 30 டிகிரி யார் சொன்னது? நானே வைத்துக்கொண்டது. 25 என்றால் தள்ளு 3.3 டன், 35 என்றால் 2.2 டன். மண்ணைப் பற்றிய என் அறியாமை முழுவதும் சேர்ந்து தள்ளை ஐந்தில் ஒரு பங்குதான் ஏற்றி இறக்குகிறது. இப்போது ஓட்டை அடைத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் மேல் வரை தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். தண்ணீர் மண்ணைப் போல மூன்றில் ஒரு பங்கோடு விடாது, முழுசாகத் தள்ளும். பாதி × 1 × 9 என்று 4.5 டன், அதோடு தண்ணீரில் ஊறி எடை குறைந்த மண்ணின் பங்கு 1.5 டன், மொத்தம் 6 டன். இரண்டு மடங்குக்கும் மேல். சுவரின் பிடி 4.14 டன்தான். அடியில் தண்ணீர் புகுந்து சுவரைத் தூக்குவதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அதே சுவர் கவிழ்கிறதா என்று பாருங்கள். காய்ந்த மண்ணுக்கு மூன்று மடங்குக்கு மேல் பாதுகாப்பு, தண்ணீர் நின்றாலும் கிட்டத்தட்ட ஒன்றரை. கவிழாது. நழுவும். என் எட்டடிச் சுவர் செய்ததும் அதுதான், நான் பயந்ததோ கவிழ்வதற்கு. சுவர் என்றால் கவிழும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், ஏனென்றால் நாம் சின்ன வயதில் தள்ளி விளையாடினதெல்லாம் நிற்கவைத்த செங்கல்.

ஆக, மண் கோணத்தை நுணுக்கமாகக் கண்டுபிடிக்க ஒரு வாரம் உட்காருவதைவிட, ஓட்டை அடையாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் மலை ஏறுவது மேல். இதைச் சொன்னது கணக்கு. தண்ணீர் என்ற கேள்வியைக் கணக்குக்குள் கொண்டுவந்தது மேஸ்திரியின் கண். நான் என் பக்கங்களில் தண்ணீரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்றால் அவை எவ்வளவு சரியாக இருந்து என்ன!

உயரத்திலும் மனசு ஏமாறும். வீட்டுக்காரர் வந்து "எதுக்குங்க, இன்னொரு மூணடி ஏத்திடலாமே, செலவு கொஞ்சம்தானே" என்பார். 3 மீட்டர் 4 மீட்டர் ஆனால் உயரம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, ஆனால் தள்ளு 1.8 மடங்கு, கவிழ்க்கும் வலு (தள்ளு × அது தள்ளும் உயரம்) 2.4 மடங்கு. வர்க்கமும் கனமும் நம் உடம்புக்குத் தெரியாத விஷயங்கள். ஏதாவது ஒன்றைப் பெரிதாக்கும்போது கைவிதியை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கணக்கிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஊகம் முழுக்கத் திசை தப்பும் இடமும் உண்டு. சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் தகர ஷெட் போடுகிறவரிடம் கேட்டால் கூரை கீழே இறங்கிவிடக் கூடாது என்றுதான் கவலைப்படுவார். அரை எம்எம் ஷீட் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட இருக்காது. காற்று விநாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதன் அழுத்தம் 0.6 × 30 × 30, சதுர மீட்டருக்கு 540 நியூட்டன், 55 கிலோ மாதிரி. அது மேல்நோக்கி இழுத்தால் 6-க்கு 10 மீட்டர் ஷெட்டில் மூன்று டன்னுக்கு மேல். தூண் கீழே இறங்குவதில்லை, காங்கிரீட்டோடு பிடுங்கிக்கொண்டு போகும். சித்திரை வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் அடிக்கும் காற்றைப் பார்த்தவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம், ஆனால் அவரும் ஷெட் போடும்போது மறந்துவிடுவார்.

ஊகமும் கணக்கும் ஒத்துப் போகவில்லை என்றால் வேலையை நிறுத்துங்கள், யார் பெரியவர் என்று பார்க்காதீர்கள். முதலில் அலகைச் சரிபாருங்கள், கிலோ நியூட்டன் போட வேண்டிய இடத்தில் கிலோ போட்டால் மென்பொருள் ஒன்றும் சொல்லாது, ஆறு தசமத்தோடு தப்பான விடையை அழகாகக் கொடுக்கும். என்னிடம் பழகிய ஒரு பையன் மொட்டைமாடி டேங்கின் எடை நூறு கிலோ என்று கொண்டுவந்தான். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் என்பது வயிற்றில் பதிந்திருந்தால் அந்த விடையைக் காட்டவே கூச்சம் வந்திருக்கும். அலகு சரி என்றால், கணக்கில் சேராத ஏதாவது களத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லை என்றால் ஊகம்தான் தப்பு, எழுதி வைத்த தாளில் அடித்துவிட்டுப் பக்கத்தில் ஏன் என்று எழுதுங்கள்.

இந்தத் தாள்களை ஒரு நோட்டாக ஆக்கிக்கொள்ளுங்கள். ஊகம், கணக்கு, நடந்தது, மூன்று பத்தி. பட்டறைக்குப் போனால் 8 எம்எம் பிளேட்டைத் தூக்கும் முன் எடை சொல்லிப் பாருங்கள், சதுர மீட்டருக்கு 63 கிலோ. முதல் ஆறு மாதம் அசிங்கமாகத்தான் இருக்கும். எனக்கு "நடந்தது" என்ற பத்திதான் அதிகம் சொல்லிக் கொடுத்தது, ஆனால் அதை நிரப்பத்தான் யாரும் திரும்பிப் போவதில்லை.

சுவருக்கு வருவோம். அடியை 1.7 மீட்டரில் வைத்து, பின்னால் ஒரு அடிக்குக் குறையாமல் 40 எம்எம் ஜல்லி நிரப்பி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் வடிகட்டும் துணி விரித்து, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக நான்கு அங்குல பிவிசி குழாயை வெளிப்பக்கம் சரிவாக வையுங்கள், மேலே ஓடும் மழைத்தண்ணீரைத் திருப்ப ஒரு வாய்க்கால். குழாய் வாயில் கலவை போகாமல் கட்டும்போதே துணி அடைத்து, முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். பத்தடியைத் தாண்டினாலோ சுவருக்கு மேலே வீடு இருந்தாலோ இந்த ஒரு பக்கக் கணக்கு போதாது, மண் பரிசோதனையோடு ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஐப்பசி மழை பிடித்ததும் குடையோடு போய்ச் சுவர் முன்னால் நில்லுங்கள். எல்லாக் குழாயிலும் தண்ணீர் சொட்ட வேண்டும். ஒன்று மட்டும் காய்ந்து கிடந்தால் நீளமான கம்பியை உள்ளே விட்டுக் குத்திப் பாருங்கள், செம்மண் கலங்கிக் கொட்ட ஆரம்பித்தால் உள்ளே வடிகட்டும் துணி கிழிந்திருக்கிறது.