கப்ளரில் 12 வோல்ட் வந்தால் பம்ப் போய்விட்டது என்று அர்த்தமில்லை

போன வாரம் ஒரு காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. என்னிடம் ஒரு வருடமாக வேலை பழகும் தம்பி பின்சீட்டைத் தூக்கி, பெட்ரோல் பம்ப் கப்ளரை (பம்புக்கு ஒயர் வந்து சேரும் பிளக்) கழற்றி, ஒயர் வரும் பக்கத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, 12.4 வருது. பம்ப் போச்சு. புதுசு சொல்லிரவா?" என்றான். ஸ்பேர்ஸ் கடைக்குப் பேச போனைக்கூட எடுத்துவிட்டான். 2016இல் நான் செய்த அதே தவறு, வார்த்தை மாறாமல். அவனுக்கு முன்னால் என்னிடம் வேலை கற்றுப் போன இரண்டு பேரும் இதையேதான் செய்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒர்க்ஷாப்பில் நான் பார்க்கும் ஒரு தவறு.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, ஃபியூஸ் எரிந்திருக்கிறதா, பேட்டரி இறங்கிவிட்டதா என்பதெல்லாம் இங்கே வேண்டாம், அதை எல்லோரும் பார்ப்பார்கள். நான் சொல்வது, பம்ப் ஒரு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வழியாக நேராக 12 வோல்ட் வாங்கி ஓடும் சாதாரண எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் வைத்துப் பெட்ரோல் தெளிக்கும்) கார்களுக்கு. பம்புக்கென்று தனி கன்ட்ரோல் மாட்யூல் வைத்த வண்டிகளில் கீழே வரும் பல்ப் சோதனையையும் ஜம்பர் ஒயரையும் (இரண்டு இடத்தை நேராக இணைக்கும் ஒயர்) முயற்சி செய்யாதீர்கள், மாட்யூல் போய்விடும்.

இரண்டு வினாடி கழித்து மீட்டர் வைப்பது

சாவியை ஆன் செய்ததும் ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பம்ப் ரிலேயை இரண்டு வினாடி அளவுக்குத்தான் இழுத்துப் பிடிக்கும். லைனில் பிரஷர் ஏற அது போதும், பிறகு விட்டுவிடும். அதன் பிறகு இன்ஜின் சுற்றுகிறது என்று கிராங்க் சென்சார் (இன்ஜின் தண்டு சுற்றுவதை உணரும் சென்சார்) சொன்னால்தான் மறுபடியும் பம்புக்குக் கரண்ட் போகும். விபத்தில் இன்ஜின் நின்றுபோனால் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. இது தெரியாமல் சாவியைப் போட்டுவிட்டு, நிதானமாகப் பின்னால் நடந்துபோய் மீட்டரை வைத்தால் பூஜ்யம்தான் காட்டும். "கரண்டே வரல" என்று ஒயரிங்கைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு முழு நாள் அப்படிப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மீட்டரை முதலில் வைத்துவிட்டு, இன்னொருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் ரிலேயை உருவிவிட்டு, அதன் சாக்கெட்டில் கரண்ட் வரும் கால் 30க்கும் பம்புக்குப் போகும் கால் 87க்கும் நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த ஜம்பர் ஒயரைப் போடுங்கள். நீங்கள் எடுக்கும்வரை பம்புக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். எது 30, எது 87 என்பதை ரிலேயின் அடியில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், ரிலேயை இயக்கும் 85, 86 பக்கம் போனால் ஈசிஎம் வரை செலவு வரும்.

ரிலே 'டிக்' என்றது, அதனால் ரிலே நல்லது

ரிலேயை இழுக்கும் காயில்தான் நல்லது. உள்ளே பம்புக்குக் கரண்டைக் கடத்தும் கான்டாக்ட் கருகியிருந்தாலும் டிக் என்றுதான் சொல்லும்.

கழற்றிய கப்ளரில் வோல்ட் பார்த்துப் பம்பை மாற்றுவது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இன்றுவரை எனக்கு எரிச்சல் தீராத விஷயம் இது, ஏனென்றால் இதில் தவறு செய்பவர் மெக்கானிக், பணம் கட்டுபவர் வண்டிக்காரர்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் முங்கின. அதில் ஒன்று ஒரு கால் டாக்ஸி ஓட்டுநருடையது. சீட்டைக் காயவைத்து, ஆயில் மாற்றி, ஓட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மார்ச்சில் வெயில் ஏறியதும் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஏசியைப் போட்டுக்கொண்டு கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறினால் திணறி நின்றுவிடும், பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். நான் கப்ளரைக் கழற்றினேன், மீட்டர் வைத்தேன், 12.4 காட்டியது. கரண்ட் வருகிறது, பம்ப் இழுக்கவில்லை, எனவே பம்ப் அவுட் என்று முடிவு கட்டினேன். பம்ப் அசெம்பிளி 6,800 ரூபாய், கூலி தனி. மாற்றியதும் வண்டி சீராக ஓடியது, எனக்கும் சந்தோஷம். பதினோராவது நாள் இரவு, பயணிகள் உட்கார்ந்திருக்கும்போதே ஜிஎஸ்டி சாலையில் நின்றுவிட்டது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மீட்டரைத் தொடவே இல்லை. ஒரு ஹெட்லைட் பல்பில் இரண்டு நீள ஒயர் பற்றவைத்து வைத்திருந்தார். அதை பம்ப் கப்ளரில் மாட்டி, ரிலேயை ஜம்பர் செய்தார். பல்ப் பீடி முனை மாதிரி சிவந்ததே தவிர எரியவில்லை. எர்த் பக்க ஒயரை (கார் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் ஒயர்) மட்டும் கழற்றி, நேராக பேட்டரி மைனஸில் கொடுத்தார். பளீரென்று எரிந்தது. வாசல்படி பிளாஸ்டிக்கைப் பெயர்த்துப் பார்த்தால், பம்பின் எர்த் ஒயரைப் பாடியில் முடுக்கியிருந்த போல்ட் துருவேறி, ஒயர் முனையில் இருக்கும் வளையமான லக்கில் களிம்பு பூத்துப் பச்சையாகக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து, புது லக் போட்டு இறுக்க இருபது நிமிடம். கழற்றிப்போட்ட பழைய பம்பை மாட்டிப் பார்த்தோம், அது அருமையாக ஓடியது. நான் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் மாட்டிய பம்பைக் கடையில் திரும்ப வாங்கவில்லை. அந்த 6,800 அவருக்கு எத்தனை நாள் ஓட்டம் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மீட்டர் ஏன் ஏமாற்றியது? அது பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விதான் தவறு. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை சுமார் 10 மெகா ஓம். அதன் வழியே போகும் கரண்ட் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு கரண்டுக்கு ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் போதும், துருவேறிய எர்த்தும் போதும், முழு 12 வோல்ட்டையும் காட்டிவிடும். பம்ப் ஓடும்போது இழுப்பது நான்கிலிருந்து ஆறு ஆம்பியர். அப்போது அந்தத் துருவில் ஒரு ஓம் தடை இருந்தால், 5 ஆம்பியருக்கு 5 வோல்ட் அங்கேயே போய்விடும். பம்புக்கு ஏழு, எட்டுதான் மிஞ்சும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும், கீழே குழாயை மூடி வைத்திருக்கும்வரை தண்ணீர் முழு வேகத்தோடு முட்டிக்கொண்டுதான் நிற்கும். திறந்தால்தான் சொட்டுவது தெரியும். கப்ளரைக் கழற்றிப் பார்ப்பது மூடிய குழாயைப் பார்ப்பது.

புது பம்ப் போட்டதும் பதினொரு நாள் ஏன் ஓடியது என்று கேட்கலாம். கப்ளரை இழுத்து, ஒயரை அசைத்து வேலை செய்ததில் துரு கொஞ்சம் உரசி விலகியிருக்கிறது, அவ்வளவுதான். இந்தத் தவறு இத்தனை வருடம் உயிரோடு இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பம்பை மாற்றினால் வண்டி ஓடுகிறது, அதனால் பம்ப்தான் கெட்டிருந்தது என்று மெக்கானிக் நம்பிவிடுகிறார். மறுபடி நிற்கும்போது வண்டி வேறு ஒர்க்ஷாப்புக்குப் போய்விடுகிறது, முதல் ஆளுக்குத் தன் தவறு கடைசிவரை தெரிவதே இல்லை.

சரி, எப்படிப் பார்க்க வேண்டும்? 55 வாட் ஹெட்லைட் பல்ப் நாலரை ஆம்பியர் இழுக்கும், கிட்டத்தட்ட பம்ப் இழுக்கும் அளவு. அதனால்தான் அண்ணன் அதை வைத்திருந்தார். எல்இடி டெஸ்டர் இதற்கு உதவாது, அது இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. ஒயரை நீளமாக வைத்து பல்பைக் காருக்கு வெளியே வையுங்கள், அது கொதிக்கிற சூடு ஆகும், பின்சீட்டுக்கு அடியில் வைக்கிற பொருள் இல்லை. சாவி ஆஃபில் இருக்கும்போது மாட்டிவிட்டு, இணைப்பை ரிலே பக்கத்தில் கொடுங்கள், அப்போது பொறி டேங்க் பக்கம் வராது. பல்ப் பளீரென்று எரிந்து, அதே கப்ளரில் பம்ப் ஓடவில்லை என்றால், அப்போது பம்பைச் சந்தேகப்படலாம்.

மீட்டர்தான் வேண்டும் என்றால் கப்ளரை மாட்டியபடியே, பம்ப் ஓடும்போது, கப்ளரின் பின்பக்கமாக முனையை நுழைத்துப் பாருங்கள். நான்கு மீட்டர் ஒயர் ஒன்றை பேட்டரி மைனஸிலிருந்து இழுத்துவந்து, அதற்கும் பம்பின் எர்த் ஒயருக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று பார்க்க வேண்டும். 0.2க்குள் இருந்தால் நல்லது. அந்த டாக்ஸியில் 3.8 இருந்தது. அதேபோல பேட்டரி பிளஸுக்கும் பம்பின் பிளஸ் ஒயருக்கும் நடுவில் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஃபியூஸ் கால், ரிலே சாக்கெட், நடுக் கப்ளர் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போங்கள்.

போன வாரம் வந்த காரில் பல்ப் மின்மினி அளவுக்குக்கூட எரியவில்லை. எர்த் நன்றாக இருந்தது. பிளஸ் ஒயரை எலி கடித்து, களிம்பேறிய இரண்டு இழையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. தம்பியையே ஒயர் மாற்றி, பற்றவைத்து, ஸ்லீவ் போடச் சொன்னேன். பம்ப் அதே பம்ப்தான்.

ஒயரை ஊசியால் குத்திப் பார்ப்பது

அடுத்த மழைக்கு அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும். இன்னொரு களிம்பை நீங்களே நட்டு வைக்கிறீர்கள்.

ஸ்கேனரில் கோட் இல்லை என்று ஒயரிங்கை விட்டுவிடுவது

ஸ்கேனர் காட்டும் பி0230 மாதிரியான பிழைக் கோட் பம்பின் பிரைமரி சர்க்யூட்டை, அதாவது ரிலேயை இயக்கும் பக்கத்தைப் பற்றியது. ரிலேக்குப் பிறகு பம்ப் வரை என்ன நடக்கிறது என்று பல கார்களில் ஈசிஎம்முக்குத் தெரியாது. எர்த் துருப்பிடித்ததை அது எப்படிச் சொல்லும்?

சத்தம் கேட்கிறது, பம்ப் நல்லது

சத்தம் பிரஷர் ஆகாது. பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள்.

ஃபியூஸைப் பெரிதாக்குவது

15 எரிந்த இடத்தில் 30 போட்டால் அடுத்து எரிவது ஒயர்.

கழற்றிய பம்பை டேங்க் பக்கத்திலேயே பேட்டரியில் தொட்டுப் பார்ப்பது

பம்ப் நல்லதா என்று பார்க்கும் அவசரத்தில் அனுபவசாலிகளே செய்கிறார்கள். டேங்க் மூடி திறந்து ஆவி வந்துகொண்டிருக்கும், கையில் இரண்டு வெறும் ஒயர், தொட்டதும் பொறி. டேங்க்கை மூடி, பம்பை வெளியே நல்ல தூரத்துக்குக் கொண்டுபோய், பெட்ரோல் வடிந்து காய்ந்த பிறகு, முதலில் பம்பில் ஒயரை மாட்டிவிட்டு, இணைப்பை நீள ஒயரின் அந்தப் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் வைத்துக் கொடுங்கள். ஒரு வினாடிக்கு மேல் ஓட்டாதீர்கள், உள்ளே பெட்ரோல் இல்லாமல் ஓடினால் அது சூடாகித் தேய்ந்துபோகும். மழை நாளில் ஷெட்டுக்குள் ஷட்டரை இறக்கிவிட்டு இதைச் செய்யவே செய்யாதீர்கள், பெட்ரோல் ஆவி கனமானது, தரையோடு தவழ்ந்து எங்கே போய் நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.